பென்சிலில் போட்ட மார்க்

புது வீடு
ஜனவரி 12

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. முழங்கை தவிர வேறெதுவும் வலிக்கவில்லை. பெட்டி தூக்கியதால் வந்த வலி, தானே போய்விடும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் போன் எடுக்கிறது. தவிர, நான் ஒன்றை யோசித்து முடிப்பதற்குள் நீ மூன்றாவது விஷயத்துக்குப் போய்விடுகிறாய். எழுத்தில் என்றால் எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். எழுதப்போவது இவை:

1. பயணமும் வீட்டின் நிலையும்
2. கடன்
3. பழைய வீட்டைப் பார்க்க வருபவர்களிடம் பேசவேண்டிய முறை
4. இது நம் இருவரின் முடிவு என்பது
5. நீ வரவேண்டிய தேதி

முதலாவது. ரயில் நாற்பது நிமிடம் தாமதம். இல்லாவிட்டாலும் பிரயோஜனமில்லை, ரயில் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு பஸ் கிளம்பும்படி யாரோ அட்டவணை போட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் பஸ் கம்பெனியில் அட்டவணை போட்டவன் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத நினைத்தேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். காகித ஆலை மூடியபின் இந்தத் தெருவின் நாற்பது வீடுகளில் பதினேழில்தான் ஆள் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே நீலக் கதவு. இரண்டு தடவை பக்கத்து வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுவிட்டேன். நம் வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு குழாய். கூரை ஒழுகவில்லை. மழை இன்னும் பெய்யவில்லை.

இரண்டாவது. பழைய வீட்டுக் கடனுக்கு இன்னும் ஏழு வருடத் தவணை இருக்கிறது. அது முடியும்போது எனக்கு எழுபத்தாறு வயது. முதல் தேதியே பென்ஷனில் பாதி பாங்குக்குப் போய்விடுகிறது. என் ஓய்வுத் தொகையில் இந்த வீட்டை ரொக்கமாகவே வாங்க முடிந்தது, அவ்வளவு மலிவு. பழையதை விற்றால் கடன் மொத்தமும் அடையும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். பாங்குக்குச் சொந்தமில்லாத சுவரில் ஒரு ஆணி அடிக்கவேண்டும் என்பது என் ஆசை. சின்ன ஆசைதான்.

மூன்றாவது. வட்டி கொஞ்சம் குறையும் என்று அந்த வீட்டை உன் பெயரில் வாங்கினோம். கையெழுத்துப் போட நீதான் அங்கே இருந்தாகவேண்டும். தரகர் ஆட்களை அழைத்து வருவார். பொய் சொல்ல வேண்டாம். கேட்காததற்குப் பதில் சொல்லவும் வேண்டாம்.

நான்காவது. போன வருடம் இரண்டு ஊருக்கும் மார்க் போட்டுப் பார்த்தோம். ஒரு தாளில் கோடு கிழித்து உனக்கு ஒரு பத்தி, எனக்கு ஒரு பத்தி. இரண்டிலும் இந்த ஊர்தான் ஜெயித்தது. யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு வரவில்லை.

ஐந்தாவது. மார்ச் 31. அதற்குள் கண்ணாடிக் கடையில் உன் அரைநாள் வேலையை விட்டுவிடலாம். முழங்காலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

பதிலை எண் போட்டு எழுதினால் எனக்குச் சுலபம். வேளைக்குச் சாப்பிடு.

உன் வீட்டுக்காரன்

---

பழைய வீடு
ஜனவரி 24

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் என்னுடன்தான் இருக்கிறது. மாடி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. உங்கள் முழங்கைக்குத் தைலம் நீலப் பையில், சாக்ஸுக்குள் இருக்கிறது. நீங்கள் அங்கே தேடியிருக்கமாட்டீர்கள்.

1. மழை பெய்தபின் கூரையைப் பற்றி எழுதுங்கள்.

2. ஆணியா? முப்பத்தெட்டு வருஷமாக நம் வீட்டு ஆணியெல்லாம் நான் அடித்தது. விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. தரகர் ஒரு குமாஸ்தாவை அழைத்து வந்தார். சாயங்காலம் ஆறு மணி. அவர் சோபாவில் உட்கார்ந்ததும் மேல்மாடியில் நம் கயிறு மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார். உடற்பயிற்சி சொல்லித்தரும் மனுஷன் தன் வீட்டில் சும்மா இருப்பாரா?

"என்னங்க சத்தம்?" என்றார் குமாஸ்தா. கேட்டதற்குப் பதில் சொல்லலாம் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்.

"மேல ஒருத்தர் கயிறு தாண்டுவாருங்க. காலைல அஞ்சு மணிக்கு ஐநூறு, சாயங்காலம் முந்நூறு."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை ஆயிரம்."

குமாஸ்தா தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். படியிறங்கும்போது தரகர், "அம்மா, நீங்க வீட்ட விக்கிறீங்களா, ஆள வெரட்டுறீங்களா?" என்றார்.

கடைக்கு நேரமாகிவிட்டது. குளிர்ந்த நீரில் குளிக்காதீர்கள்.

நான்

---

புது வீடு
பிப்ரவரி 2

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

தைலம் கிடைத்தது, சாக்ஸும் கிடைத்தது. முழங்கை பரவாயில்லை. உனக்குச் சளி எதுவும் இல்லையே?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று இருக்கின்றன. நான்கும் ஐந்தும் இல்லை. இன்னொரு தாள் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று உறையைக் கிழித்தும் பார்த்தேன்.

அந்தக் குமாஸ்தா கேட்டது "என்ன சத்தம்" என்று. "மேல் வீடு" என்றால் போதும். அவர் எண்ணிக்கை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை யார் கேட்டார்கள்? நான் கோபப்படவில்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

இத்துடன் ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். கயிறு, எதிர்வீட்டு நாய், தண்ணீர் பம்பு, கூடத்துச் சுவரின் விரிசலில் வெயில் விழும் நேரம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன். செவ்வாய், வியாழன் காலை 10.20 முதல் 11.05 வரை நம் வீடு நல்ல வீடு. ஆட்களை அந்த நேரத்தில் மட்டும் வரச்சொல்.

பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். நேற்று வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஐயா தனியாவா வந்திருக்கீங்க?"

"வீட்ல பின்னால வராங்க."

"இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தாங்க சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன அர்த்தத்தில் சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

மழை பெய்தது. கூரையைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

நான்குக்கும் ஐந்துக்கும் பதில் எதிர்பார்க்கிறேன். மாத்திரையை மறக்காதே.

உன் வீட்டுக்காரன்

---

பழைய வீடு
பிப்ரவரி 27

அன்புள்ள உங்களுக்கு,

எனக்குச் சளி இல்லை. உங்களுக்கு எப்படி? பதில் எழுத நாளாகிவிட்டது. இப்போது கடையில் முழுநாள் நிற்கிறேன். முதலாளிக்குக் கண்புரை ஆபரேஷன். கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் தெரியவில்லை என்று தெருவே சிரிக்கிறது. அவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

உங்கள் அட்டவணைப்படி செவ்வாய் பத்து இருபதுக்கு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கயிறு இல்லை, நாய் இல்லை, வெயில் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தது. அதை எப்படிப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது? "கொடுங்க" என்று வாங்கி, காதுப் பக்கம் கம்பியை வெந்நீரில் காட்டி வளைத்து, திருகை இறுக்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"அடடே, என்ன தெளிவு!" என்றார். அப்புறம், "அந்தச் சுவத்துல என்ன அது, விரிசலா?"

அவர் மனைவி, "நான் வந்ததுலேருந்து அததான் பாத்துட்டிருக்கேன்" என்றார்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க? நீங்களே பிடிச்சிருக்குன்னு சொல்லி, நீங்களே தலையாட்டிட்டிருந்தீங்க."

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே இறங்கிப் போனார்கள். எனக்கென்னவோ அந்த அம்மாளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தரகர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காபி போட்டுக் கொடுத்தேன்.

கூரை என்ன ஆயிற்று?

முழங்கால் பரவாயில்லை. நின்றுகொண்டே இருந்தால் வலிப்பதில்லை, உட்கார்ந்தால்தான் வலிக்கிறது. அதிசயம்தான்.

நான்

---

புது வீடு
மார்ச் 6

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

எனக்கும் சளி இல்லை. கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது. சரியாகச் சொன்னால் மூன்று மூலையில். வாளி, குண்டான், என் பழைய டிபன் டப்பா வைத்திருக்கிறேன். நாலாவது மூலை நன்றாக இருக்கிறது, அங்கேதான் கட்டில்.

அந்தப் பெரியவரின் கண்ணாடியைப் பற்றி ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அது அவருடைய கண்ணாடி. நாற்பது நிமிடம் அது வழிந்துகொண்டே இருந்திருந்தால் நமக்கு வீடு விற்றிருக்கும். நீ வேண்டுமென்றே இப்படியெல்லாம் செய்கிறாயோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன், எதை எடுத்துக்கொள்வதென்று எனக்கே தெரியவில்லை.

முழுநாள் வேலை என்றால் எத்தனை நாளைக்கு? கண்புரை ஆபரேஷனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகாது. அதை நீ எழுதவில்லை.

சமையலறையில் உனக்காக ஒரு பலகை அடித்தேன். மோட்டார்க்காரர் ஆணியைப் பிடித்துக்கொண்டார், நான் சுத்தியலைப் பிடித்துக்கொண்டேன். விரல் அவருடையதுதான். உன் உயரத்துக்கு உத்தேசமாக, என் தோள்வரை வைத்து அடித்திருக்கிறேன்.

மார்ச் 31 இயலாது என்று தெரிகிறது. ஏப்ரல் 30 என்று மாற்றிவைத்திருக்கிறேன். நான்காவது எண்ணுக்கு இன்னும் பதில் இல்லை. "ஆமாம்" என்று ஒரு வார்த்தை எழுதினால்கூடப் போதும்.

படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

உன் வீட்டுக்காரன்

---

பழைய வீடு
மார்ச் 30

மேலதிகாரி அவர்களுக்கு,

உடல்நலத்துக்குக் குறைவில்லை. தங்களுக்கும் அவ்வாறே இருக்கட்டும்.

தரகர் சொன்னாரென்று மேஜை இழுப்பறைகளைக் காலிசெய்தேன். அடியில் அந்த மார்க் தாள் கிடைத்தது. போன வருடம் "போட்டுப் பார்த்தோம்" என்று நீங்கள் எழுதினீர்களே, அதுதான். அன்றைக்கு என்னிடம் நீங்கள் அதைக் காட்டவே இல்லை. இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

உங்கள் பத்தி பேனாவில் இருக்கிறது. என் பத்தி பென்சிலில் இருக்கிறது. இரண்டிலும் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அப்படி ஏழு போடுகிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான்.

என் பத்தியில் உள்ளபடி:

அமைதி: இந்த ஊர் 3, அந்த ஊர் 9.
அக்கம்பக்கம்: இந்த ஊர் 7, அந்த ஊர் 7.
வேலை: இந்த ஊர் 2, அந்த ஊர் 8. பக்கத்தில் அடைப்புக்குள் "முழங்கால், ஓய்வு" என்று குறிப்பு.

என் வேலைக்கு இரண்டு மார்க். வேலை இல்லாமல் இருப்பதற்கு எட்டு. நான் போட்டேனாம்.

ஒரே கேள்வி, எண் போட்டுக் கேட்கிறேன். பதிலும் எண் போட்டு வரட்டும்.

1. என் மார்க்கை யார் போட்டது?

இங்ஙனம்,
பென்சில் பத்தி

---

புது வீடு
ஏப்ரல் 5

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

உன் உடம்பு நலம் என்று படித்ததில் மட்டும் நிம்மதி.

1. நான்.

காரணம் சொல்ல அனுமதி கொடு. அன்று மாலை தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். நீ தையல் மெஷினில் திரைச்சீலைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாய். "இதில் உன் அபிப்பிராயம் கொஞ்சம் வேண்டும்" என்றேன். நீ தலை நிமிராமல், "எனக்கு இப்ப நேரமில்ல, நீங்களே போட்டுக்குங்க" என்றாய். எதைப் போடுவது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உட்கார்ந்து யோசித்து, முப்பத்தெட்டு வருடம் உன்னோடு வாழ்ந்தவன் என்ற தைரியத்தில் போட்டேன். அந்தத் தைரியமும் பெரிதாக இல்லை, அதனால்தான் பென்சில். நீ வந்து திருத்துவாய் என்று நினைத்தேன். பிறகு அதைக் காட்டும் நேரம் வரவில்லை. வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. பிறகு, உன்னைக் கேட்டாகிவிட்டது என்றே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

வேலைக்கு இரண்டு போட்டது மனம்போனபடி அல்ல. ஆறு மாதம் நீ கடையிலிருந்து வந்ததும் முதலில் சொன்ன வார்த்தை எதுவென்று கவனித்து வைத்திருந்தேன். பெரும்பாலும் "அப்பாடா, காலு" என்பதுதான். அதற்கு யார் போட்டாலும் இரண்டுக்கு மேல் வராது.

இப்போது எழுதும்போதே ஒன்று இடிக்கிறது. வீட்டுக்குள் வந்தபிறகு நீ சொன்னதை மட்டும்தான் நான் குறித்திருக்கிறேன். காலையில் கிளம்பும்போது என்ன சொன்னாய் என்று குறிக்கவில்லை. கிளம்பும்போது நீ பேசியதாகவே ஞாபகம் இல்லை. பாடிக்கொண்டே செருப்பு மாட்டுவாய் என்பது மட்டும் ஞாபகம் வருகிறது.

நான் செய்தது தவறா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்

---

புது வீடு
மே 3

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பது இருபத்தெட்டு நாளாகத் தெரியவில்லை. ஏப்ரல் 30 வந்தது, போனது.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் நாலு நாள் ஏறினேன். மூன்று நாள் நீ எடுக்கவில்லை. நாலாவது நாள் எடுத்தாய். "கடைல ஆள் நிக்கிறாங்க, அப்புறம் பேசுறேன்" என்றாய். நான் "சரி" என்றேன். அந்த ஒரு "சரி"க்காக அறுபத்திரண்டு படி. பின்னால் யாரோ உன்னை "மேடம், இது எப்ப கிடைக்கும்?" என்று கேட்டது காதில் விழுந்தது. அங்கே உன்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மோட்டார்க்காரர் நேற்று மறுபடி வேலிக்கு வந்தார்.

"அம்மா எப்ப வராங்க ஐயா?"

"அடுத்த மாசம்."

"போன மாசமும் அதான சொன்னீங்க."

"அப்ப அடுத்த மாசம்னு சொன்னது இந்த மாசத்தை."

"இப்ப அடுத்த மாசம்னு சொல்றது?"

முப்பத்திரண்டு வருடம் எத்தனையோ பஸ்களுக்கு நேரம் குறித்திருக்கிறேன். பஸ் வராவிட்டால் பயணி என்ன செய்வான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வீட்டை யாராவது பார்த்தார்களா? விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால் குறைத்துக்கொள். என்னைக் கேட்க வேண்டாம்.

ஒரு வரியாவது எழுது. திட்டு என்றாலும் சரி.

உன் வீட்டுக்காரன்

---

பழைய வீடு
மே 21

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருக்கிறேன். கவலை வேண்டாம். அறுபத்திரண்டு படி ஏறினீர்களாமே. அந்த வயசா உங்களுக்கு?

வீடு விற்றுவிட்டது. விலை குறைக்கவில்லை. வாங்கியவர் கயிறு மாஸ்டர்.

ஆமாம், அவரேதான். தன் அம்மாவை ஊரிலிருந்து அழைத்துக்கொண்டு வருகிறாராம். ஒருநாள் கதவைத் தட்டினார். "அக்கா, கீழ்வீடு விக்கிறதா தரகர் சொன்னாரு. எனக்குக் குடுப்பீங்களா?"

"மேல சத்தம் ரொம்ப இருக்குமே தம்பி" என்றேன்.

"அதெல்லாம் நான் பேசி நிறுத்திடுறேன்க்கா" என்றார். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். விரிசலையும் காட்டினேன். பம்பு சத்தம், நாய் எல்லாம் சொன்னேன். அவருக்குத் தெரியாததா?

பத்தொன்பதாம் தேதி பாங்குக்குப் போய்க் கடன் மொத்தத்தையும் அடைத்தேன். அங்கே இருந்த பெண், "எல்லாம் முடிஞ்சுதும்மா, இனிமே நீங்க வரவேண்டியதில்ல" என்றாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாங்குக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மிஞ்சியதில் பாதி உங்கள் கணக்கில் இருக்கிறது. பாதி என்னிடம். நீங்கள் ஆசைப்பட்டபடி நமக்கு இப்போது எங்கேயும் கடன் இல்லை.

இனி உங்கள் நாலும் ஐந்தும்.

நான் அங்கே வரவில்லை. கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது, அதை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பத்துப் படிதான்; முழங்காலுக்குத் தாங்கும். முதலாளி இனிமேல் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி பிப்ரவரியிலேயே கேட்டார். உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் அதற்கும் மார்க் போடுவீர்கள்.

வந்து "அப்பாடா, காலு" என்று சொன்னேன்தான். யார் சொல்லமாட்டார்கள்? போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். ரெண்டு வருஷமாக ஒரு பக்கம் சாய்ந்த கண்ணாடி. தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கழுத்து வலி. அதற்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் கம்பியை வளைத்துக் கொடுத்தேன். ஒரு நிமிஷ வேலை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "நான் நேரா இருக்கனே!" என்றார். இதற்கு நீங்கள் போட்டது இரண்டு.

உங்கள்மேல் கோபம் என்று சொல்ல முடியாது. எரிச்சல். முறையாகக் கேட்டிருந்தால் ஒருவேளை நான் வருகிறேன் என்றே சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டதே, அந்த எரிச்சல்.

கூரையைச் சரிசெய்யுங்கள். இப்போது பணம் இருக்கிறது. டிபன் டப்பாவில் மழைத்தண்ணீர் பிடித்தால் துருப்பிடிக்கும்.

நான்

---

புது வீடு
ஜூன் 2

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

உன் கடிதமும் பதிவுத் தபாலும் ஒரே நாளில் வந்தன. பத்துப் படி என்பது நல்ல விஷயம். கைப்பிடி இருக்கிறதா என்று எழுது.

"நிலுவை: இல்லை" என்ற வரியைப் படித்தேன். பதினைந்து வருடம் காத்திருந்த வரி. யாரிடமாவது காட்டவேண்டும்போல் இருந்தது. மோட்டார்க்காரரிடம் காட்டினேன். "நல்லதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. அது அவருடைய கடன் இல்லை.

இந்தக் கடிதத்துக்கும் எண் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒன்றுக்குமேல் ஓடவில்லை. ஆகவே வந்தபடி எழுதுகிறேன்.

நான் எழுதாமல் விட்டவை சில உண்டு. இங்கே இருந்த ஆஸ்பத்திரி ஆலையோடு சேர்ந்து மூடிவிட்டது. வீடு வாங்கும்போது பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து எட்டு மார்க் போட்டேன். கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. சமைப்பதில்லை; பெரும்பாலும் ரொட்டிதான், அதையும் நின்றுகொண்டு சாப்பிடுகிறேன். உட்கார்ந்தால் எதிரே உள்ள நாற்காலி தெரிகிறது. அமைதி இருக்கிறது. நான் போட்ட ஒன்பதுக்குக் குறையாமல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

தினமும் மூன்று பத்து பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் போய் உட்காருகிறேன். சரியான நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியான நேரத்துக்குத்தான் வருகிறது. யாரும் இறங்குவதில்லை. அந்த டிரைவர் இப்போதெல்லாம் எனக்குக் கை காட்டிவிட்டுப் போகிறார்.

நீ வரவில்லை என்று எழுதியதை முதலில் படித்தபோது, இதை எப்படி மாற்றுவது என்றுதான் யோசித்தேன். ஒரு தாளில் காரணங்கள்கூட எழுதினேன், ஒன்பது காரணம். பிறகு அந்த லாரி டிரைவரைப் பற்றி நீ எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். பத்து வருடமாக நீ அந்தக் கடைக்குப் போகிறாய். இன்று என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீ சொல்லியிருப்பாய். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். காரணத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆலைப் பள்ளிக்கூடத்தை மறுபடி திறக்கிறார்களாம். புதிதாக வரும் ஆசிரியை ஒருவர் குடும்பத்துக்கு வீடு தேடுகிறார் என்று மோட்டார்க்காரர் சொன்னார். கூரையைச் சரிசெய்து அவர்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று ஒரு எண்ணம். முடிவு செய்யவில்லை. உன் அபிப்பிராயம் தெரியாமல் செய்யப்போவதில்லை.

உன் அறை எவ்வளவு பெரியது என்று நீ எழுதவில்லை. நான் உத்தேசமாக ஒன்றைப் போட்டுக்கொள்ளப்போவதும் இல்லை. அங்கே இன்னொரு ஆள் இருக்க இடம் உண்டா? இடம் இருந்தாலும், அந்த ஆள் வருவது உனக்குப் பிடிக்குமா? பிடிக்காது என்றால் பிடிக்காது என்று எழுது. தேதி எதுவும் குறிக்கவில்லை. பதில் வர எத்தனை நாளானாலும் அதை நான் "சரி" என்று எடுத்துக்கொள்ளமாட்டேன். "வேண்டாம்" என்றும் எடுத்துக்கொள்ளமாட்டேன். நீ எழுதும்வரை எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள். மத்தியானம் பத்து நிமிடமாவது உட்கார். இது யோசனைதான்.

கடைசியாக ஒன்று. ஜனவரி 12-ஆம் தேதிக் கடிதத்தில் நான்காவது எண்ணில், இது நம் இருவரின் முடிவு என்று எழுதியிருந்தேன். அது தவறு. நான் ஒருவன்தான் முடிவு செய்தேன். உன்னை நான் கேட்கவே இல்லை.

உன் வீட்டுக்காரன்